முட்டைக் குழாய் மேஸ்திரி

பூமிநாதன் தனுஷ்கோடியில் கப்பல் ஏறியபோது அவனுக்கு வயது பத்தொன்பது. பரளச்சிக்குத் தெற்கே அவன் அப்பனுக்கு நாலு குறுக்கம் கரிசல் நிலம் இருந்தது. மூன்று வருஷம் தொடர்ந்து கம்பு விதைத்தார்கள். மூன்று வருஷமும் முளைத்தது காய்ந்தது. நாலாவது வருஷம் விதைக்க மனசும் இல்லை, விதையும் இல்லை. தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்த கங்காணியின் பின்னால் போனான். அக்கரை சேர்ந்ததும் தோட்டத்துக்குப் போகிற கூட்டத்திலிருந்து நழுவிக் கொழும்பில் தங்கிவிட்டான்.

அங்கே நகரம் முழுக்கச் சாக்கடை போட்டுக்கொண்டிருந்த காலம். சிமெண்டுக் குழாய் வார்க்கும் பட்டறை ஒன்றில் ஜல்லி சுமக்கச் சேர்ந்தான். ஜல்லி சுமந்தவன் கலவை போட்டான். கலவை போட்டவன் அச்சுப் பூட்டினான். ஒன்பதாம் வருஷம் அவனை எல்லோரும் மேஸ்திரி என்று கூப்பிட்டார்கள். குழாய் என்றால் வட்டம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தான். முட்டையைக் கூர்முனை கீழே இருக்கும்படி நிறுத்திவைத்தது போல ஒரு குழாயை அங்கேதான் பார்த்தான். மேலே அகலம், அடியில் ஒடுக்கம். பாறை கிடந்து ஆழம் தோண்ட முடியாத இடத்துக்கு அதையே படுக்கவைத்தது போல இன்னொன்று இருந்தது. எந்தத் தெருவுக்கு எது என்று முடிவு செய்வதுதான் வேலையிலேயே பெரிய வேலை என்று மெல்ல மெல்லப் புரிந்தது. தண்ணீர் எப்போதும் ஒரே அளவாக வருகிற இடத்துக்கு வட்டம் போதும். பத்து மாசம் சொட்டாக ஒழுகி, இரண்டு மாசம் வெள்ளமாகப் பாய்கிற இடத்துக்கு முட்டைதான். சொட்டுத் தண்ணீரும் ஒடுக்கமான அடியில் சேர்ந்து வேகம் பிடிக்கும், மண்ணைத் தள்ளிக்கொண்டு போகும். வெள்ளம் வந்தால் மேலே அகலத்தில் ஏறிக்கொள்ளும்.

பதினாலு வருஷம் வேலை பார்த்தான். நடுவில் ஒருமுறை ஊருக்கு வந்து பேச்சியைக் கல்யாணம் செய்துகொண்டு, அவளைப் பரளச்சியிலேயே விட்டுத் திரும்பிப் போனான். வருஷத்துக்கு ஒருமுறை வந்தான். பட்டறையின் ஆஜர்ப் பட்டியலில் அவன் பெயர் பதினாலு வருஷமும் பென்சிலாலேயே எழுதப்பட்டிருந்தது. தினக்கூலிகளுக்கு அப்படித்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதாம் வருஷம், தினக்கூலிக்கு இருக்கிற இந்தியாக்காரர்களை நிறுத்திவிடுவது என்று அங்கே முடிவானபோது, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பெயரை ரப்பரால் அழித்துவிட்டார்கள். அச்சுப் பூட்டிய குழாய் ஒன்றை ஈரத்தோடு விட்டுவிட்டு வந்தான். யார் அச்சைப் பிரித்தார்கள், எப்படி வந்தது என்று கடைசிவரை அவனுக்குத் தெரியாது.

ஊரில் அவன் வித்தைக்கு வேலை இல்லை. கிணற்றுச் சுவர் கட்டினான். மல்லாங்கிணற்றில் ஒரு சத்திரத்துக்குத் தளம் போட்டான். யுத்தம் வந்து சிமெண்டு மறைந்தபோது சுண்ணாம்பு அரைத்தான்.

"கொழும்புச் சாக்கடையப் பத்தியே பேசுறீகளே, இங்க ஒரு வாய்த் தண்ணிக்கு மூணு மைலு நடக்கேன். அதுக்கு ஒரு கொழா போடுங்க பாப்பம்" என்பாள் பேச்சி. அவள் சொன்னதில் தப்பில்லை என்பதால் அவனுக்குக் கோபம் வரும்.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே பாவடிப்பட்டி என்ற ஊர், நாலு தெருவும் நெசவு. வீட்டுக்குள் ஒரு பாஷை பேசி வெளியே தமிழ் பேசுகிற ஜனங்கள். வீட்டுக்கு வீடு குழித்தறி. தரையில் குழி வெட்டி, அதில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்வார்கள். பெரிய தெருவின் ஒரு ஓரமாகத் திறந்த சாக்கடை ஓடியது. சாயப்பட்டறைத் தண்ணீர், தறியில் ஏற்றுகிற பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சி கழுவிய தண்ணீர், வீட்டுத் தண்ணீர் எல்லாம் அதில்தான். நாற்பத்துநாலாம் வருஷக் கோடையில் அந்தத் தெருவில் வாந்திபேதி கண்டது. இருபது நாளில் முப்பத்தேழு பேர் போனார்கள். அதற்குப் பிறகு பஞ்சாயத்து போர்டு எழுதாத மனு இல்லை. கடைசியில், சாக்கடையைக் குழாய் போட்டு மூடுவதற்குச் சர்க்கார் மானியம் சாங்ஷன் ஆயிற்று.

எஸ்டிமேட் போட வந்த ஓவர்சியர் சின்ன வயசுக்காரர். புஸ்தகத்தில் படித்ததைக் கண்ணால் பார்த்ததில்லை என்று ஒப்புக்கொள்கிற நல்ல குணம் அவரிடம் இருந்தது. "கொழும்பில் வேலை பார்த்த ஆள் ஒருத்தர் பரளச்சியில் இருக்காராமே" என்று ஆளனுப்பினார். ஆறு வருஷத்துக்குப் பிறகு தன் தொழிலைப் பற்றி ஒருவர் தன்னிடம் கேட்கிறார் என்றதும், பூமிநாதன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நடந்தே வந்தான்.

வந்தவன் முதலில் போய்ப் பார்த்தது ஓவர்சியரை இல்லை, சாக்கடையை. அதில் இறங்கி மண்வெட்டியால் வழித்துக்கொண்டிருந்தாள் ஜக்கம்மாள். அவளும் அவள் புருஷன் முத்துவீரனும் போர்டின் துப்புரவு ஆட்கள். பதினெட்டு வருஷமாக அந்தச் சாக்கடை அவள் கையில்தான் ஓடியது. அவளிடம் யாரும் பேசுவதில்லை. கையை ஆட்டி வழிவிடச் சொல்வார்கள், அவ்வளவுதான். பூமிநாதன் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"சித்திரையில தண்ணி எம்புட்டு ஓடும்?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள், தன்னைத்தான் கேட்கிறானா என்று. பிறகு சேற்றில் பாதத்தை வைத்துக் காட்டினாள்.

"எங் காலகலம் சாமி. பெருவிரல் நனையும், கரண்டை நனையாது."

"ஐப்பசியில?"

இடுப்புக்கு மேல் சுவரில் கை வைத்தாள். "இம்புட்டு. போன வருசம் எம் மம்பட்டியவே அடிச்சிட்டுப் போயிருச்சு. ஓடையில போயி எடுத்தாந்தேன்."

"அடியில என்ன தங்குது, மண்ணா?"

"மண்ணு கொஞ்சம். கஞ்சிதான் சாமி மிச்சமும். மூணு நாளு கெடந்தா அழுகிரும். கிண்டுனா கண்ணெரியும், தலை கிறுகிறுங்கும். நான் மூக்கத் திருப்பிக்கிட்டுத்தான் வழிப்பேன்."

பூமிநாதனுக்கு வேறு ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஓவர்சியரிடம் போய், அடி ஒடுக்கம், இரண்டு அடி அகலம், மூன்று அடி உயரம் என்று முட்டைக் குழாயைச் சொன்னான். இங்கேயே அச்சு அடித்து வார்த்துவிடலாம் என்றான். ஓவர்சியர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு மேஸ்திரி" என்றார்.

போர்டு மெம்பர்கள்தான் முகம் சுளித்தார்கள். குழாய் ஏன் கோணலாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. பூமிநாதன் ஆள்நீளத்தில் இரண்டு சிமெண்டு வாய்க்கால் வார்த்தான். ஒன்றின் அடி வட்டக் குழாயின் அடி, மற்றது முட்டையின் அடி. போர்டு ஆபீஸ் முற்றத்தில் இரண்டையும் ஒரே நீர்வாட்டத்தில் வைத்து, இரண்டிலும் ஒரு கை மணலும் கஞ்சிப் பிசினும் போட்டு, ஒரு சொம்புத் தண்ணீரை மெல்ல ஊற்றினான். வட்டத்தில் தண்ணீர் பாய் விரித்தது போலப் பரவி, மணலைத் தொட்டுவிட்டு நின்றது. மற்றதில் நூல் பிடித்தது போல இறங்கி, மணலையும் பிசினையும் உருட்டிக்கொண்டுபோய் மறுமுனையில் கொட்டியது. மெம்பர்களில் ஒருவர் குனிந்து, விரலால் அடியைத் தடவிப் பார்த்தார். மணல் ஒட்டவில்லை.

"இன்னொரு சொம்பு ஊத்துய்யா" என்றார்.

பிரசிடெண்டு வேங்கடபதி நூல் வியாபாரி. அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு எழுந்துவந்து பூமிநாதன் தோளில் கை வைத்தார். அந்தக் கையின் பாரம் சாயங்காலம் வரை தோளிலேயே இருந்தது போலப் பூமிநாதனுக்குத் தோன்றியது. வீட்டுக்குப் போய்ப் பேச்சியிடம் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னான். அவள் இரண்டாவது தடவையும் கேட்டாள்.

நாற்பத்தைந்தாம் வருஷக் கடைசியில் ஓவர்சியருக்கு மாற்றல் வந்தது. அதற்குப் பிறகு வேலையை மேற்பார்வை பார்க்க வந்தவர் மாசத்துக்கு ஒருநாள் ஜட்கா வண்டியில் வந்து, வண்டியை விட்டு இறங்காமலே போனார். காண்டிராக்டு ஜோதிலிங்கம் என்பவருக்கு விழுந்திருந்தது. ஜோதிலிங்கம் கெட்டிக்காரர். யுத்தம் முடிந்ததும், விமானத்தளத்துக்காக வார்த்து மிஞ்சிப்போன வட்டக் குழாய்களைப் பட்டாளத்தார் ஏலம் விட்டார்கள். இரண்டரை அடி வாய் உள்ள குழாய்கள். அதை மொத்தமாக எடுத்து லாரி லாரியாகக் கொண்டுவந்து பாவடிப்பட்டி ஓடைக்கரையில் இறக்கிவிட்டார்.

பூமிநாதன் ஓடைக்கரைக்குப் போய் அந்தக் குழாய்களைத் தட்டிப் பார்த்தான். நல்ல குழாய்கள். கணீரென்றிருந்தன. அதுதான் அவனுக்கு எரிச்சலாக இருந்தது. குற்றம் சொல்ல அவற்றில் வடிவத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

பிரசிடெண்டிடம் போனான். ஜோதிலிங்கம் முன்னமேயே அங்கே உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, இது ரோட்டுக்குக் குறுக்க மழைத்தண்ணி விடுற கொழா. நம்ம தெருவுக்கு ஆகாது. கோடையில அம்புட்டுக் கஞ்சியும் அடியில தங்கிரும்."

"சிமெண்டு எங்க மேஸ்திரி இருக்கு?" என்றார் ஜோதிலிங்கம். "முட்டை வாக்க வண்டி வண்டியாச் சிமெண்டு வேணும். கண்ட்ரோல்ல ஆறு மாசம் ஆகும். இன்னும் ஒண்ணு கேளுங்க. முட்டைக்கு இன்னும் அரையடி ஆழம் வெட்டணும். மூணடிக்குக் கீழ அம்புட்டும் சுக்கான்பாறை. நீங்களா வெட்டப்போறீக?"

"வெட்டத்தானய்யா வேணும்."

வேங்கடபதி கையை உயர்த்தினார். "மார்ச்சு முடியுறதுக்குள்ள வேலை ஆரம்பிக்கலைன்னா மானியம் திரும்பப் போயிரும், பூமிநாதா. அப்புறம் வட்டமும் இல்ல, முட்டையும் இல்ல. தெறந்த சாக்கடைதான். இன்னொரு பேதி வந்தா நீயா பதில் சொல்லுவ?"

அவர் பொய் சொல்லவில்லை. பூமிநாதன் வேறு வழி சொன்னான். வட்டக் குழாயே இருக்கட்டும். மண்ணுக்குள் இறக்குவதற்கு முன்னால் ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு பக்கமும் சிமெண்டில் சரிவு பூசி, நடுவே ஒரு சாண் அகலத்துக்கு ஒடுக்கமான வாய்க்கால் விட்டுவிடலாம். முட்டைக்குச் சமானம் ஆகாது. ஆனால் பாதி வேலை செய்யும். கொஞ்சம் சிமெண்டு போதும்.

"நல்ல யோசனை. அதுக்குச் சிமெண்டு நான் எழுதி வாங்கித் தாரேன்" என்றார் வேங்கடபதி. பிறகு, ஜோதிலிங்கம் வெற்றிலை துப்ப வெளியே போன சமயம், குரலைத் தணித்துக் கேட்டார்:

"கொழும்புல எத்தனை வருசம் இருந்த?"

"பதினாலு ஐயா."

"பெர்மனெண்டா?"

பூமிநாதன் இல்லை என்று தலையசைத்தான்.

"போர்டுக்கு ஒரு மேஸ்திரி போஸ்ட்டு சாங்ஷன் ஆகுது. பெர்மனெண்டு. வயசான காலத்துல பென்ஷன் மாதிரி ஏதோ வரும். உன் பேரைத்தான் எழுதலாம்னு இருக்கேன். வேலை மட்டும் தடங்கலில்லாம முடியணும்."

அன்றைக்கு அவன் பேச்சியிடம் ஒன்றையும் இரண்டு தடவை சொல்லவில்லை. வேலை கிடைக்கும் போலிருக்கிறது என்று மட்டும் சொன்னான்.

சிமெண்டு வந்தது. வந்த மூட்டைகள் ஓடைக்கரைக்கு வரவில்லை; ஜோதிலிங்கம் கட்டிக்கொண்டிருந்த மாடி வீட்டுக்குப் போயின. கேட்டதற்கு, "இறக்கிக்கிட்டே இருங்க மேஸ்திரி. அடுத்த லோடு வந்ததும் உள்ள பூசிக்கலாம்" என்றார். மூடின குழாய்க்குள்ளே யார் போய் உட்கார்ந்து பூசுவது? இது பூமிநாதனுக்குத் தெரியும், ஜோதிலிங்கத்துக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. பூமிநாதன் ரசமட்டம் வைத்து, வாட்டம் பார்த்து, இணைப்புகளில் சணலும் கலவையும் கெட்டித்து, ஒரு குறை சொல்ல முடியாதபடி தெரு முழுக்க அந்தக் குழாய்களை இறக்கினான். வேலையில் எவ்வளவு சுத்தம் காட்டினானோ அவ்வளவும் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளத்தான். வைகாசியில் வேலை முடிந்தது. எஸ்டிமேட்டுக்குச் சமானமான குழாய் போடப்பட்டது, இந்தத் தெருவுக்குத் தகுதியானது என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். தமிழிலும் இங்கிலீஷிலும் தன் பெயரை எழுதத் தெரிந்தவன் அவன். இரண்டிலும் எழுதினான். ஆனி மாசம் ஆர்டர் வந்தது. அதில் அவன் பெயர் மையால் எழுதப்பட்டிருந்தது.

தெரு மூடப்பட்ட புதிதில் ஜனங்கள் மகிழ்ந்துபோனார்கள். முன்னே சாக்கடை இருந்த இடத்தில் பாவு ஓட்டினார்கள். ஜக்கம்மாள் மட்டும் ஒருநாள் ஆளிறங்கும் குழியின் மூடி ஓரத்தில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன ஜக்கம்மா?"

"தண்ணி ஓடுற சத்தமே இல்லையே சாமி. நீங்க சொன்ன கொழா தானா இது?"

"ஓடும், ஓடும். மழை வரட்டும்" என்று சொல்லிவிட்டு அவன் நடந்துவிட்டான்.

மழை ஐப்பசி பிறந்து ஒன்பதாம் நாள் வந்தது. ஐந்து மாசத்துக் கஞ்சியும் கரிசல் மண்ணும் சேர்ந்து குழாயின் பாதியை அடைத்திருந்தன. வந்த வெள்ளம் மூடிகளைத் தூக்கி எறிந்துவிட்டுத் தெருவில் ஏறியது. தெருவில் ஏறியது வீட்டில் நுழைந்தது. குழித்தறிக் குழிகள் ஒவ்வொன்றும் கிணறுகள் ஆயின. பூட்டியிருந்த பாவெல்லாம் சாக்கடை நீரில் ஊறியது. மறுநாள் காலை, தீபாவளிக்கு என்று நெய்துகொண்டிருந்த பட்டுக்கரைச் சேலைகளைப் பெண்கள் தெருவில் கொண்டுவந்து போட்டார்கள். பாலாமணி என்று ஒரு விதவை, ஒற்றைத் தறியில் மூன்று பிள்ளைகளை வளர்ப்பவள், பூமிநாதன் எதிரே வந்து நின்றாள்.

"முட்டை முட்டைன்னு ஆபீஸ் முத்தத்துல வித்தை காட்டுனீரே, நீர் போட்ட முட்டை இதுதானா?"

அன்றிலிருந்து அவனுக்கு ஊரில் முட்டைக் குழாய் மேஸ்திரி என்று பெயர். போட்டது முட்டை இல்லை என்று யாரிடம் சொல்வது? சொன்னால், ஏன் போடவில்லை என்று கேட்பார்கள்.

மழைக்காலம் முழுக்க மூங்கில் கழிகளை ஒன்றோடொன்று கட்டி உள்ளே விட்டுக் குத்தினான். கொஞ்சம் வழிவிட்டது. தை பிறந்ததும் தண்ணீர் வற்றியது. மறுபடி கஞ்சி தங்கியது. மாசியில் மூடிகளின் இடுக்கு வழியாக வந்த வாடையில் தெருவின் வெள்ளிப் பாத்திரங்கள் கறுத்தன. பங்குனியில் சௌடேஸ்வரி அம்மன் திருவிழா. அம்மன் பெரிய தெரு வழியாகத்தான் வர வேண்டும். திருவிழாவுக்கு முந்தின நாள், கோயில் பக்கத்து மூடி வழியாகக் கறுப்புத் தண்ணீர் பொங்கித் தெருவில் நின்றது.

வேங்கடபதி ஆளனுப்பினார். "நாளைக்குப் பொழுதுசாய அம்மன் வருது. அதுக்குள்ள தெரு காயணும்."

"ஐயா, உள்ள ஆள் எறங்கி வழிச்சாத்தான் தீரும். ரெண்டு நாளு மூடியத் தெறந்துபோட்டுக் காத்தாட விட்டு அப்புறம் எறக்கணும். கஞ்சி அழுகின எடம். கொழும்புல அப்படித்தான்."

"கொழும்பு, கொழும்பு. அம்மன் கிட்ட ரெண்டு நாளு கழிச்சு வான்னு நான் சொல்லவா? நீ போர்டு மேஸ்திரி. உன் வேலை இது. செய்யி."

பூமிநாதன் அன்று மத்தியானமே நாலு மூடிகளைத் திறந்துபோட்டான். மறுநாள் விடிந்ததும் அரிக்கன் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினான். விளக்கு அணைந்தது. வெயில் ஏறும்வரை பொறுத்து மறுபடி இறக்கினான். இந்தமுறை அணையவில்லை; மஞ்சளாக, ஆடாமல் எரிந்தது. அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் இறங்குகிறேன் என்று சொல்ல வாயெடுத்தான்; சொல்லவில்லை. மேஸ்திரி இறங்குவதா என்று சுற்றி நின்றவர்கள் சிரிப்பார்கள் என்பது ஒன்று. அவனுக்குப் பயமாகவும் இருந்தது என்பது இன்னொன்று.

முத்துவீரன் வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டுக் கோவணத்தோடு வந்தான். ஜக்கம்மாள்தான் அவன் இடுப்பில் கயிறு கட்டினாள்.

"சாமி, வெளக்கு எரியுதுல்ல?" என்று கேட்டாள்.

"எரியுது."

"கிண்டுனா வேற மாதிரி ஆகுமே சாமி. எனக்குத் தெரியும்."

"மெதுவா வழிக்கச் சொல்லு. கயித்த ஆட்டுனா உடனே இழுத்துருவோம்."

முத்துவீரன் இறங்கினான். முதல் வாளி வந்தது. இரண்டாவது வாளி வந்தது. மூன்றாவது வாளிக்கு அவன் குழாய்க்குள் குனிந்து மண்வெட்டியை ஆழப் போட்டிருக்க வேண்டும். பொத்தென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கயிறு ஆடவில்லை. பூமிநாதன் கத்திக்கொண்டே இழுத்தான். மூன்று பேர் சேர்ந்து இழுத்தார்கள். குழாயின் விளிம்பில் தோள் தட்டித் தட்டி அவன் வெளியே வந்தபோது வாயெல்லாம் கஞ்சி. பூமிநாதன் அவனைத் தரையில் போட்டு நெஞ்சை அமுக்கினான். சுற்றி நின்றவர்களில் ஒருவரும் அவனைத் தொட முன்வரவில்லை. பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்டதற்கு ஒரு குடத்தை வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அமுக்கி அமுக்கிப் பூமிநாதன் கை ஓய்ந்தது. ஜக்கம்மாள் அழவில்லை. புருஷன் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

தெரு காயவில்லை. அன்று சாயங்காலம் அம்மனை வேறு தெரு வழியாகக் கொண்டுபோனார்கள். முதல்நாளே அப்படிச் செய்திருக்கலாம்.

முத்துவீரன் செத்ததை விசாரிக்க மதுரையிலிருந்து ஒரு பெரிய எஞ்சினீயர் வந்தார். போர்டு ஆபீஸில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பூமிநாதன் முறை வந்தபோது, அவன் எதையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு போயிருந்தான். முட்டைக் குழாய் எஸ்டிமேட், பட்டாளத்துக் குழாய், பூசாமல் விட்ட அடி, மாடி வீட்டுக்குப் போன சிமெண்டு எல்லாவற்றையும் சொன்னான். எஞ்சினீயர் குறுக்கே பேசாமல் கேட்டார். தொழில் தெரிந்தவர். அவன் சொல்வது சரி என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. பிறகு காகிதக் கட்டிலிருந்து ஒன்றை உருவி மேஜையில் வைத்தார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னுதுதான் ஐயா."

"தகுதியானதுன்னு எழுதியிருக்கு. இது தகுதியில்லைன்னு அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் ஐயா."

"இந்த ஊர்ல வேற யாருக்காவது தெரியுமா?"

பூமிநாதன் யோசித்தான். வேங்கடபதிக்குத் தெரிந்தது அவன் சொன்னதால். ஜோதிலிங்கத்துக்கு அக்கறையில்லை. ஜக்கம்மாளுக்குத் தெரியும், அவளை யாரும் கேட்கவில்லை.

"எனக்குத்தான் ஐயா நல்லாத் தெரியும்" என்றான்.

அவர் பேனாவை மூடினார். "அப்ப உங்களத்தானே நான் கேக்கணும்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் பூமிநாதனுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

அறிக்கை ஆவணி மாசம் வந்தது. சுதந்திரத்துக்குக் கட்டிய காகிதத் தோரணங்கள் போர்டு ஆபீஸ் வாசலில் நைந்து தொங்கிக்கொண்டிருந்தன. விஷவாயுவால் நேர்ந்த விபத்து. மேஸ்திரி விளக்கு வைத்துப் பார்த்திருக்கிறார். எவர் மீதும் நடவடிக்கை தேவையில்லை. ஜோதிலிங்கத்துக்கு அடுத்த காண்டிராக்டு பாலவனத்தம் பக்கம் ஒரு பாலம். வேங்கடபதி அடுத்த தேர்தலிலும் ஜெயித்தார். பூமிநாதன் ராஜிக் கடிதம் எழுதிக் கொண்டுபோனான். வேங்கடபதி அதைப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நீ போயிட்டா அந்தக் கொழாய யாரு பாக்குறது? கோளாறு தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்."

சொன்னது நியாயம்தான். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தான். வீட்டில் அதைப் பார்த்த பேச்சி வாங்கி மாடத்தில் வைத்தாள். பிறகு சொன்னாள்:

"அந்தப் பொம்பளைக்கு என்ன செய்யப்போறீக?"

"நான் என்ன செய்ய?"

"அதைத்தானே நானும் கேக்கேன்."

ஒரு மூட்டைக் கம்பை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஜக்கம்மாள் குடிசைக்குப் போனான். அவள் வாசலில் நின்று பார்த்தாள். இறக்கச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அவன் இறக்கி வைத்துவிட்டு வந்தான். மறுநாள் அந்த மூட்டை போர்டு ஆபீஸ் வாசலில் கட்டுப் பிரிக்காமல் இருந்தது.

நாற்பத்தொன்பதில் வேறு வழியில்லாமல் தெருவைத் தோண்டி அந்தக் குழாய்களை எடுத்தார்கள். புதிதாகப் போட மானியம் இல்லை. சாக்கடை மறுபடியும் திறந்தபடியே ஓடியது. முத்துவீரனின் வேலையையும் சேர்த்து ஜக்கம்மாளே பார்க்கும்படி போர்டு தீர்மானம் போட்டது. கருணை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். தினமும் காலையில் ஆஜர் எடுப்பது பூமிநாதன். அவன் அவள் பெயரைக் கூப்பிடுவான்; அவள் மண்வெட்டியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டுவாள். வந்திருக்கிறேன் என்பதற்கு அதுதான் பதில். சாமி என்று அவள் அவனைக் கூப்பிட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டபோது, அவள் இடுப்பளவு நீரில் நின்று அடைப்பை வழித்துக்கொண்டிருந்தாள். பூமிநாதன் குடையோடு கரையில் நின்றான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குடையை மடக்கிச் சுவரில் சாய்த்து, வேட்டியை இறுக்கிக்கொண்டு சாக்கடையில் இறங்கினான். கரையோரம் கிடந்த இன்னொரு மண்வெட்டியை எடுத்தான்.

ஜக்கம்மாள் நிமிர்ந்தாள். மழை அவள் முகத்தில் வழிந்தது.

"ஏறிக்கிரும் மேஸ்திரி" என்றாள். "இதுல ஒருத்தர் நிக்கத்தான் எடமிருக்கு."

அவன் ஏறவில்லை. அவள் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, அவனுக்கு எட்டாத தூரத்துக்கு நகர்ந்துபோய் வழிக்க ஆரம்பித்தாள்.